ஊசி போட்ட பிறகு இருக்கும் அரை மணி நேரம்: நகர்நல அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர் மாநகராட்சியின் மதிப்பிற்குரிய நகர்நல அலுவலர் அவர்களுக்கும், தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கோவையில் வாடகை வீட்டில் குடியிருக்கும், ஒரு வயதை நெருங்கும் குழந்தையின் தாயாகிய நான், ஒரே ஒரு கோரிக்கையை முன்வைத்து இம்மடலை எழுதுகிறேன். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டபின், “அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள்” என்று எங்களை உட்கார வைக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை, அந்தந்தப் பகுதித் தாய்மார்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டு பேசும் கூட்டமாக அமைத்துத் தர வேண்டும். அப்படியொரு கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதை, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணிடமும், அவள் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருந்தாலும் தனியார் மருத்துவமனையில் பெற்றிருந்தாலும், எழுத்தில் கொடுத்தனுப்ப வேண்டும். புதிய கட்டடமோ புதிய பணியிடமோ நான் கேட்கவில்லை.

நான் பிள்ளை பெற்ற மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனபோது, தையலைக் காட்ட வரவேண்டிய தேதி, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, குழந்தைக்கு வைட்டமின் சொட்டு மருந்து என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். என்னைப் போலக் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இந்தப் பக்கத்தில் எங்காவது கூடுவார்களா என்று நான் கேட்டதற்கு மட்டும் அங்கே யாரிடமும் பதில் இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இல்லாத ஒன்றுக்கு அவர்கள் எப்படி வழி சொல்ல முடியும்? அங்கன்வாடியில் கேட்டபோது சத்துமாவு எந்தத் தேதியில் வரும் என்பதை அன்போடு சொன்னார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பாட்டியின் எண்ணும், பிரசவத்துக்குப் பிந்தைய யோகா வகுப்பின் கட்டண விவரமும், டயப்பர் தள்ளுபடிச் செய்தியும் வந்து விழுந்தன. கட்டணம் கட்டினால் சேரக்கூடிய குழுக்கள் நகரத்தில் இல்லாமல் இல்லை. ஆயினும் நடந்து போகும் தொலைவில், காசு கேட்காமல், எதையும் விற்காமல், பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தை நான் தேடியவரை காணமுடியவில்லை.

பிரசவத்தைப் பாதுகாப்பாக நடத்துவதில் தமிழ்நாடு அடைந்திருக்கும் இடம் பெருமைக்குரியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கருவுற்ற நாளிலிருந்து பதிவு எண், பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி என ஒரு பெண்ணைத் துறை கைவிடாமல் பின்தொடர்கிறது. அதே ஆய்வுதான், 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நிகழ்கின்றன என்றும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள் என்றும் சொல்கிறது. வயிற்றில் தையலோடு, புரண்டு படுக்கவே ஒருவர் கைகொடுக்க வேண்டிய நிலையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டிய பெண் வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறாள் என்பதைப் பார்க்கும் ஏற்பாடு, அதற்கு முந்தைய ஏற்பாடுகளின் வலுவில் பாதிகூட இல்லை. செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார், உண்மைதான். அவர் குழந்தையின் எடையையும் தொப்புளையும் தாயின் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.

“அதற்குத்தானே தாய்வீடு இருக்கிறது” என்று இதைப் படிக்கும் பலர் நினைக்கக்கூடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்புவதும் இன்றும் நம் வழக்கமாகத்தான் இருக்கிறது. பச்சை உடம்புக்காரி என்று வெந்நீர் வைத்து ஊற்றுவதிலும், பூண்டும் சுறாப்புட்டும் ஆக்கிப் போடுவதிலும் இருக்கும் ஆதரவை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஆதரவு நிபந்தனைகளோடு வருகிறது. தண்ணீர் அதிகம் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, பிஞ்சுக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறும் ஆபத்தான வைத்தியத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள் நகரத்திலும் உண்டு. அம்மாவிடம் மறுத்துப் பேசினால் மனம் நோகும். மாமியாரிடம் மறுத்துப் பேசினால் வேறு விளைவுகள் வரும். அதே வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் இன்னொரு பெண்ணிடம் கேட்பதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மேலும், தாய்வீட்டின் ஆதரவு திரும்பி வரும் நாளோடு முடிந்துவிடுகிறது. சரவணம்பட்டியில் மென்பொருள் வேலைக்காகக் குடிவந்த தம்பதி, சிங்காநல்லூர்ப் பக்கம் ஆலை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பம், இரண்டாவது பிள்ளை என்பதால் தாய்வீடு போகாமல் இருந்துவிட்ட பெண் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு தொடக்கத்திலிருந்தே இல்லை.

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன். தடுப்பூசி அட்டவணையை வகுத்தவர்கள் தாய்மார் குழுவை மனத்தில் வைத்து அதை வகுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடுவதை நாங்கள் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்கிறோம். ஏறத்தாழ ஒரே வாரத்தில் பிள்ளை பெற்ற பெண்கள், ஒரே பகுதியிலிருந்து, ஒரே கிழமையில், நான்கு வார இடைவெளியில் மூன்று முறை ஒரே கூடத்துக்கு வருகிறார்கள்; ஒன்பதாம் மாதத்தில் மீண்டும் வருகிறார்கள். அவர்களின் பெயரும் பிள்ளையின் பிறந்த தேதியும் செவிலியரின் பதிவில் இருக்கின்றன. ஊசி போட்டதும் குழந்தைக்கு ஒவ்வாமை ஏதும் ஏற்படுகிறதா என்று பார்ப்பதற்காக அவர்களை அரை மணி நேரம் இருத்தி வைப்பதும் துறையின் விதிதான். கூட்டத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே கூடியிருக்க, நாங்கள் தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டு, கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் கலைந்து போகிறோம்.

அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றரை மாத ஊசிக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் பைக்குள் பால்பவுடர் டப்பா ஒன்று இருந்தது, இன்னும் பிரிக்காமல். “பால் பத்தறதில்லைங்க. மணிக்கொருக்கா அழுகறான். எங்க அத்தை வாங்கிட்டு வந்துட்டாங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது பிள்ளைக்காரர். அவர் மார்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?” என்றுதான் கேட்டார். ஏழெட்டுத் தடவை என்று பதில் வந்தது. “அப்பறம் என்னங்க, வயிறு ரொம்பாமயா ஏழெட்டுத் தடவை போறான்?” என்றவர், ஒன்றரை மாதத்தில் பிள்ளைகள் திடீரென்று வளர்வதால் அடிக்கடி கேட்கும் என்றும், நாலைந்து நாள் பொறுத்தால் அடங்கிவிடும் என்றும் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடிக்கச் செய்து, காம்பை மட்டும் கொடுக்காமல் கருவளையமும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் வலியில் முகம் சுருங்காமல் பால் கொடுத்ததை அப்போதுதான் பார்த்தேன். அரை மணி நேரம் முடிந்ததும் இருவரும் வேறு வேறு ஆட்டோவில் ஏறிப் போனார்கள். பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊசி போடும் செவிலியருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அவர் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகவே சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் அவர் ஊசி போட்டு, அட்டையில் அடுத்த தேதி எழுதி, பதிவேற்றம் செய்து, காய்ச்சல் சொட்டு மருந்தின் அளவைச் சொல்லி, அழுதுகொண்டிருக்கும் அடுத்த பிள்ளையை வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் கேட்பது புதுமையானதும் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1989இல் வெளியிட்ட, வெற்றிகரமான தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில் பத்தாவது படி, தாய்மார் ஆதரவுக் குழுக்கள் உருவாக ஊக்கமளித்து, வீடு திரும்பும் தாய்மார்களை அக்குழுக்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே. பிறந்தவுடன் பால் கொடுப்பது, தாயையும் சேயையும் பிரிக்காமல் வைப்பது போன்ற முந்தைய படிகளை நம் மருத்துவமனைகள் சுவரில் எழுதி வைத்திருக்கின்றன; அவற்றில் பலவற்றை நடைமுறைப்படுத்தவும் செய்கின்றன. பத்தாவது படி மருத்துவமனை வாசலுக்கு வெளியே இருப்பதாலோ என்னவோ, அது எவருடைய பொறுப்பிலும் சேராமல் கிடக்கிறது.

இத்தகைய கூட்டங்கள் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்னும் தொண்டு நிறுவனம் பழங்குடி மக்கள் மிகுந்த ஊர்களில் பெண்களின் மாதக் கூட்டங்களை நடத்தியது. கூட்டத்தை நடத்தியவர்கள் மருத்துவரோ செவிலியரோ அல்லர், உள்ளூர்ப் பெண்கள். பாடம் எடுக்காமல், கதைகளையும் படங்களையும் வைத்து, தங்களுக்கு நேர்ந்தவற்றையே பேசி, என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, கூட்டங்கள் நடந்த பகுதிகளில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நிகழும் சிசு மரண விகிதம் மற்றப் பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. தாய்மார்களின் மிதமான மனச்சோர்வைப் பொறுத்தவரை, ஆய்வு நடந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மூன்றாம் ஆண்டில் மட்டும் பார்த்தபோது 57 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. கோவையும் அந்த ஊர்களும் ஒன்றல்ல என்பதை அறிவேன். இங்கே சிசு மரணம் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கிறது. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு செய்திகளை மட்டுமே. கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை என்பது ஒன்று. பெண்கள் மனம்விட்டுப் பேசக் காலம் பிடிக்கும் என்பதால், மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்பது மற்றொன்று.

மனச்சோர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குறித்து இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 22 சதவீதத் தாய்மார்கள் அதற்கு ஆளாவதாகக் கணித்தது. ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். ஊசி போட வந்த பத்துப் பேரில் இருவர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூடத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படிப்பட்ட பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திகூட “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது என்பாள். அதையும் கேட்பவர் கடிந்துகொள்ள மாட்டார் என்று தெரிந்தால்தான் சொல்வாள். வீட்டிலோ, காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று தலைமாட்டில் வேப்பிலையும் இரும்பும் வைப்பார்கள், அல்லது ஊரில் இல்லாத அதிசயமாக நீ மட்டும்தான் பெற்றாயா என்பார்கள். கூட்டம் என்பது சிகிச்சை அல்ல. கடுமையான நிலையில் இருக்கும் பெண்ணை மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். 14416 என்னும் டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவளை அடையாளம் காண்பதற்கு, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்து, “போன தடவை மாதிரி இல்லையே நீ” என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

எப்படி நடத்தலாம் என்பதற்கு என் யோசனைகளைச் சொல்கிறேன். நடைமுறை தெரிந்த தாங்கள் மாற்றிக்கொள்ளலாம். கதவு சாத்தக்கூடிய ஓர் அறையோ, திரை போட்டு மறைத்த ஒரு மூலையோ, பாயும் மின்விசிறியும் போதும். ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தையின் தாய் ஒருவரைச் செவிலியர் தெரிவு செய்து, சில நாள் பயிற்சி கொடுத்து, அவரைக் கூட்டத்தின் பொறுப்பில் வைக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தன்னார்வலர்களைத் தெரிந்தெடுத்துப் பழக்கிய அனுபவம் அரசுக்கு இருக்கிறது. அவர்களுக்குக் கொடுப்பதுபோல இவருக்கும் ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும், சேவை என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுவதும் வேரூன்றியிருக்கின்றன. பெண்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசச் செய்வது தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய வித்தை அல்ல. மூன்றரை மாத ஊசி முடிந்தபின் பெண்கள் சிதறிப் போகாமல், அருகிலுள்ள அங்கன்வாடியில் மாதம் இருமுறை கூடலாம். தாய்வீட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்காக, எந்த மாதத்திலும் யாரும் வந்து சேரலாம் என்று கதவைத் திறந்து வைக்க வேண்டும். மாவட்டம் மாறினாலும் தாயின் பதிவு எண் மாறுவதில்லை என்பதால், ஈரோட்டில் பிள்ளை பெற்றுக் கோவைக்குத் திரும்பும் பெண்ணுக்கு இங்குள்ள கூட்டத்தின் விவரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது கடினமான காரியமாக இராது. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை என்பதால், தனியார் மருத்துவமனையில் பிரசவமானவர்களும் அதில் அடங்குவார்கள்.

குறுஞ்செய்தி என்று சொன்னபோதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையை இழந்த தாய்க்கு, “உங்கள் குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது, கூட்டத்துக்கு வாருங்கள்” என்ற செய்தி எந்தக் காரணத்தைக் கொண்டும் போய்விடக் கூடாது. அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் வேலையைக் கணினியிடம் விடாமல், அவள் வீட்டை அறிந்த செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவளைப் போய்ப் பார்க்கவும் ஆள் வேண்டும், அது தனிப் பணி. அதேபோல, பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் பிள்ளையை வைத்திருந்து வீடு திரும்பும் தாய்மார்களுக்கு, கொழுகொழுவென்ற பிள்ளைகள் நடுவே உட்காருவதே வதையாக இருக்கலாம். இயன்றவரை அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம்.

வேறு சிலவற்றையும் முன்கூட்டியே தடுத்தாக வேண்டும். குழந்தைப் பால் மாற்றுப் பொருள்களை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் சத்துப் பானம், டயப்பர், குழந்தைச் சோப்பு என்று எந்தப் பெயரில் எந்த நிறுவனம் பரிசுப் பையோடு வந்தாலும் அறைக்குள் விடக் கூடாது. இதில் தளர்வு காட்டினால் ஆறே மாதத்தில் கூட்டம் விற்பனை நிலையமாகிவிடும் என்பது என் அச்சம். நிழற்படம் எடுக்கக் கூடாது. கூட்டம் நடந்ததற்குச் சான்றாகப் பால் கொடுக்கும் பெண்களைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பும் வழக்கம் இங்கே நுழைய வேண்டாம். ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, சிறப்புரை எதுவும் வேண்டாம். இன்னொன்று: இந்தக் கூடங்களில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தாய்மார்கள் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைக் காண்கிறேன். அவர்களில் இரண்டு மொழி தெரிந்த ஒருவரையாவது கூட்டப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்கும் அது தங்கள் இடம் என்று தோன்றும்.

வேலைக்குப் போகும் பெண்களின் நிலை வேறு. தனியார் துறையில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் மாதத்தில்தான், பாலைப் பீய்ச்சி எப்படி வைப்பது, பகலில் பிள்ளையை யாரிடம் விடுவது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் ஏன் இல்லை என்று எவரிடம் கேட்பது போன்ற கேள்விகள் எழுகின்றன. அவர்களுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் அதே அறையைத் திறந்து வைத்தால் போதும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்களுக்கு இந்த விடுப்பு எதுவும் கிடைப்பதில்லை. அவர்கள் புதன்கிழமை ஊசிக்கு வருவதற்கே அரைநாள் கூலியை விடுகிறார்கள் என்பதால், கூட்டம் அந்த அரை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது முக்கியம்.

மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் மண்டலத்துக்கு ஒரு சுகாதார நிலையத்தில், ஓராண்டுக்கு இதைத் தொடங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதைக் கொண்டு இதை மதிப்பிட வேண்டாம். ஒன்றரை மாத ஊசிக்கு வந்து கூட்டத்தில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த முறை தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள், மூன்றரை மாதத்தில் எத்தனை பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் மனநல ஆலோசனைக்கு அனுப்பப்பட்டு உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்கலாம். இவற்றுக்கான பெரும்பாலான விவரங்களைச் செவிலியர் ஏற்கெனவே பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்கு இன்னொரு பதிவேட்டைக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பகுதி நிலையத்தில் இது தொடங்கப்பட்டால், பயிற்சி பெற்றுக்கொண்டு புதன்கிழமைகளில் அந்தப் பாயில் உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த இன்னும் சில தாய்மார்களும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். எந்த மாதத்திலிருந்து என்பதைத் தெரிவித்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஒரு கைக்குழந்தையின் தாய்,
கோயம்புத்தூர்.